ஜேர்மன்காரர் கோயிலின் கடைசிப் பெண்ணுக்கு

எல்லாம் நான் அப்போதே சொன்னதுதான், சிஞ்ஞோரா. கோயிலைப் பூட்டுவார்கள் என்று சொன்னேன். கூரையைக் காரணம் காட்டுவார்கள் என்று சொன்னேன். உங்களை மலையிலிருந்து இறக்கிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் போடுவார்கள் என்றும் சொன்னேன். பலேர்மோப் பட்டணத்துப் பிரான்காச்சோவில் இருக்கும் எங்கள் சனங்களைக் கேட்டுப் பாருங்கள், ராசா அண்ணன் வாயால் ஒன்று வந்தால் அது நடக்காமல் போவதில்லை என்பார்கள். மழை, பேருந்து வேலைநிறுத்தம், இங்கே தங்க யாருக்கு எப்போது பெர்மெஸ்ஸோ கையில் கிடைக்கும், பிறக்கப்போவது ஆணா பெண்ணா, எல்லாம் சொல்லியிருக்கிறேன். பிள்ளை விடயத்தில் மட்டும் சில தடவை மாறிப்போனது. தாய்மார் சரியான விவரம் தராவிட்டால் நான் என்ன செய்வது?

இன்று காலை வேலைக்கு வரும் பேருந்தில் ஒரு பெண் துணிப்பை நிறையக் கொத்தோஞ்ஞாப் பழம் மடியில் வைத்திருந்தார். எங்கள் ஊரில் இல்லாத பழம். மஞ்சளாய், மேலே பூனை மயிர் போல ஒரு படலத்துடன் இருக்கும். பச்சையாய்க் கடித்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வாசம் ஒரு வீட்டையே நிரப்பும். அந்த வாசம் வந்ததும் நான் பேருந்தில் இல்லை. உங்கள் கோயிலின் பின்னறையில், அலுமாரிக் கதவைத் திறந்தபடி நிற்கிறேன். பீடத்து வெள்ளைத் துணிகளுக்கு நடுவே இந்தப் பழங்களை வைப்பீர்கள். பூச்சி வராது என்று நீங்கள் சொன்னீர்கள். இது ஜேர்மனியிலிருந்து கப்பலில் வந்த வழக்கம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொன்னேன். சிசிலியில் எல்லா வீட்டு அலுமாரியிலும் இதைத்தான் வைக்கிறார்கள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

பொலிதேயாமாவில் இறங்க வேண்டியவன் துறைமுகம் வரை போய்விட்டேன். நாப்போலிக் கப்பல் நின்றது. திரும்பி நடந்து வந்து, என் பொறுப்பில் இருக்கும் அலுவலகக் கட்டடத்தின் படிகளைக் கழுவி முடித்து, கீழ்ப்படியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எனக்கு இத்தாலியன் எழுத வராது. பேசவிட்டால் நான் வழக்கறிஞர், எழுதவிட்டால் அரிவரிப் பிள்ளை. ஆகையால் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றையும் என் யாழ்ப்பாணத் தமிழிலேயே போடுகிறேன். உங்கள் சிசிலியனும் பாதியை விழுங்கிப் பேசுகிற பேச்சுத்தானே, பொருந்தும்.

பொலிதேயாமாவில் உங்கள் மருமகள் வீட்டில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் என்னைக் கேட்டார். மலையில் மாமி தனியாக இருக்கிறார், ஒருமுறை விழுந்தும் விட்டார், போய்ப் பார்த்துக்கொள்வாயா என்று. ஒரு மந்திரியின் தாயாரையே பார்த்துக்கொண்டவன் நான் என்றேன். உண்மையில் நான் பார்த்த வேலை பருத்தித்துறைப் பேருந்தில் கொண்டக்டர் வேலை. அந்தத் தாயார் ஒருநாள் அந்தப் பேருந்தில் ஏறினார். சங்கக்கடையடியில் இறங்கும்வரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன்.

மலையில் நீங்கள் கைத்தடியோடு வீட்டு வாசலில் நின்றீர்கள்.

“பேரென்ன?”

“ராசா. எங்கடை பாசையிலை அரசன் எண்டு அர்த்தம்.”

“எந்த ஊருக்கு அரசன்?”

“இப்போதைக்கு ஊர் ஒண்டும் கையிலை இல்லை, சிஞ்ஞோரா.”

“அப்ப நல்லது. இஞ்சை ஒருத்தர் இருக்கிறார், அவருக்கும் சனம் இல்லை. வா, காட்டுறன்.”

ஏப்ரனுக்குள்ளிருந்து கோயில் பூட்டின் பெரிய திறப்பை எடுத்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து நடந்தீர்கள். அப்படித்தான் அந்தக் கோயிலை முதலில் பார்த்தேன். எங்கள் ஊர் வயிரவர் கோயிலை விடக் கொஞ்சம் பெரிது. வயலில் பொறுக்கிய கல்லால் கட்டிய சுவர். உள்ளே மரத்தில் செதுக்கிய புனிதர், சான் வெந்தலீனோ. தாடி மீசை இல்லாத இளைஞர், கையில் ஆடு மேய்க்கும் தடி, காலடியில் ஒரு செம்மறியும் ஒரு கன்றுக்குட்டியும். பாதி முருகன், பாதி கண்ணன். வேற்று நாட்டில் வேலை தேடிப்போன இடத்தில் தெரிந்த முகத்தைக் கண்டதுபோல எனக்கு இருந்தது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“ஏன் கழட்டினாய்? தரை ஐஸ் மாதிரி.”

“சாமி இருக்கிற இடமெல்லோ, சிஞ்ஞோரா.”

“சளி பிடிச்சால் இந்தச் சாமி வந்து உனக்குத் தேத்தண்ணி வைக்காது. நான்தான் வைக்கவேணும்.”

அடுத்த நாள் காலை கோயில் வாசலில் ஒரு சோடிக் கம்பளிக் காலுறை இருந்தது. உங்கள் இறந்த கணவருடையது.

அந்த ஊருக்குப் பெயரே ‘லி தெதெஸ்கி’, அதாவது ஜேர்மன்காரர். ஆனால் ஜேர்மன்காரர் என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் மிச்சம். மற்ற வீடுகளின் கதவுகளில் முட்செடி ஏறியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் எங்கே என்று கேட்டேன். “ஜேர்மனிக்குப் போட்டினம், கார் செய்யிற தொழிற்சாலைக்கு” என்றீர்கள். பாட்டனின் தகப்பன் அங்கிருந்து பிழைக்க இங்கே வந்தார், பேரனின் மகன் இங்கிருந்து பிழைக்க அங்கே போனான். அங்கே அவனை இத்தாலியன் என்று கூப்பிடுகிறார்களாம். இதை நீங்கள் சிரிக்காமல் சொன்னீர்கள். நான் சிரித்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன்.

கோயிலின் சரித்திரத்தை நீங்கள் எப்போதும் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிடுவீர்கள். வைன் பிழியும் முந்திரிகைத் தோட்டம் போடத் தெரிந்த ஆட்கள் வேண்டுமென்று இங்கத்தைய நிலக்காரர் ஒருவர் கூப்பிட்டார். ஜேர்மனியில் ஓர் ஆற்றங்கரையிலிருந்து சில குடும்பங்கள் வந்தன. தருவதாகச் சொன்ன நிலம் வெறும் கல்லு. முதல் கோடையிலேயே காய்ச்சலில் கனபேர் போனார்கள். கீழூர்க் கோயிலுக்குப் பூசைக்குப் போனபோது அங்கத்தையவர்கள் இவர்களைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். பூசையில் ஆணும் பெண்ணும் எழுந்து நின்று சத்தமாகப் பாடினார்களாம். இப்படிப் பாடுகிறவர்கள் கத்தோலிக்கராக இருக்கமுடியாது என்று வாசலில் மறித்தார்கள். “அதாலை தாங்களே கட்டிச்சினம். வயல் துப்புரவாக்கேக்கை வந்த கல்லு. மாரியிலை கட்டினவை, கோடையிலை செத்தவை. அவ்வளவுதான்.”

அவ்வளவுதானா? ஒரு சரித்திரத்தை இப்படியா சொல்வது? காளான் பொறுக்க வருகிறவர்கள், வழி தவறி வருகிற வெளிநாட்டுச் சோடிகள், ஒருமுறை ஒரு பள்ளிக்கூட வகுப்பு, யார் வந்தாலும் நான்தான் முன்னுக்கு நின்று சொன்னேன். என் கணக்கில் அது பெரும் கப்பல். புயலில் பாய்மரம் முறிந்தது. முறிந்த பாய்மரத்தில்தான் சான் வெந்தலீனோவைச் செதுக்கினார்கள். மணி கடலில் விழுந்து, மூன்றாம் நாள் மீன்காரர் வலையில் வந்தது. ஒல்லாந்தர் எங்கள் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டினவர்கள், ஒல்லாந்தரும் ஜேர்மன்காரரும் ஒன்றுவிட்ட சகோதரர், ஆகவே உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களும் ஏறக்குறையச் சொந்தம். நீங்கள் பின்னால் கதிரையில் இருந்து கேட்பீர்கள். ஒவ்வொரு வரிக்கும் “மா குவாந்தோ மாய்!” என்பீர்கள். ‘எந்தக் காலத்திலையடா!’ என்று அதற்குத் தமிழில் சொல்லலாம். ஆனால் யாரும் வராத கிழமைகளில் நீங்களே கேட்டிருக்கிறீர்கள்: “ராசா, அந்தப் புயலைச் சொல்லு.”

பிறகு அந்தப் பாட்டு. உங்கள் ஆட்கள் கொண்டுவந்த பாட்டில் அது ஒன்றுதான் மிஞ்சியது. ஜேர்மன் மொழியாம். அர்த்தம் கேட்டேன். “அம்மாவுக்கும் தெரியாது, அவவின்ரை அம்மாவுக்கும் தெரியாது. எழும்பி நிண்டு பாடவேணும், அது தெரியும்.” எங்கள் ஐயர் சொல்லும் மந்திரமும் எனக்கு அப்படித்தான். அதனாலேயே எனக்கு அந்தப் பாட்டில் நம்பிக்கை வந்தது.

புரட்டாதி மாதம்போல பிஷப் அலுவலகத்திலிருந்து மொன்சிஞ்ஞோர் என்கிற மூத்த குரு வந்தார். சப்பாத்துத் தூசியைத் தட்டிவிட்டுக் கூரையை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். நல்ல மனிதர், அதை இப்போதும் சொல்வேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுகமாக இருந்திருக்கும்.

“சிஞ்ஞோரா, இந்தக் கூரையைத் திருத்தவேணுமெண்டால் அதுக்குக் கீழை ஆக்கள் இருக்கவேணும். திருநாளுக்கு நானே வந்து பூசை வைக்கிறன். எத்தினைபேர் வருகினம் எண்டு பாப்பம்.”

“எனக்குக் கூரை வேண்டாம். என்ரை ஆக்கள் எல்லாரையும் இந்தக் கோயிலுக்குள்ளை வைச்சு, பாட்டுப் பாடித்தான் வெளியாலை எடுத்தது. என்ரை பெட்டியையும் உள்ளை வைச்சு வெளியாலை எடுக்கிற மட்டும் கதவு திறந்திருந்தால் காணும். பிறகு நீங்கள் ஆடு கட்டுங்கோ.”

அவர் திருநாள் தேதியைக் குறித்துக்கொண்டு இறங்கிப் போனார். அன்றிரவு நீங்கள் சூப்பைத் தொடவில்லை. மேசையில் கையூன்றிக்கொண்டு, “சனத்துக்கு நான் எங்கை போறது?” என்றீர்கள். அதுவரை நீங்கள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. எனக்கு நெஞ்சு விரிந்துவிட்டது.

“சனந்தானே, சிஞ்ஞோரா? ஒரு பேருந்து நிறையக் கொண்டுவாறன்.”

பிரான்காச்சோவுக்குப் போனேன். வேலைவீடுகளில் எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. படிப்படியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தட்டினேன். முதலில் பரமேசு. கட்டடத்துப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி, அவள் வந்தால் மாடி மாடியாக வருவார்கள். துறைமுகத்தில் மூட்டை விழுந்து அவளுடைய புருசன் கால் முறிந்து கட்டிலில் கிடந்த நேரம்.

“அண்ணை, அது வேதக் கோயிலெல்லோ? நாங்கள் சைவம்.”

“வேதமோ சைவமோ, சாமி கையிலை தடி, காலடியிலை கண்டுக்குட்டி. நீ பாத்தால் உனக்கே விளங்கும்.”

“மச்சம் சாப்பிடாமல் வரவேணுமோ?”

“எதுக்கும் சாப்பிடாமல் வா.”

“இவற்றை காலுக்கு ஒரு நேத்தி வைக்கலாமோ?”

“கால் விசயத்துக்கெண்டே இருக்கிற சாமி அது!”

அந்தத் துறையை அந்த நிமிடத்தில்தான் சான் வெந்தலீனோவுக்கு ஒப்படைத்தேன். கட்டிலில் கிடந்தபடி அவளுடைய புருசன், “ராசா அண்ணை சொன்னால் சாமிக்கே மறுக்க ஏலாது” என்று சிரித்தான். மேல்மாடியில் இருந்த மொரிஷியஸ் பெண்கள் எங்கள் பேச்சுப் பாதிதான் விளங்கினாலும் தடி என்றதும் கண்ணை விரித்தார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிற ஆட்கள் அவர்கள்.

திருநாள் ஞாயிறு மலைக்குப் போகும் பேருந்தில் சாரதிக்குத் தலை சுற்றியது. “உள்ளை போங்கோ, நடுவிலை நிக்காதேங்கோ, பிள்ளையளை மடியிலை வையுங்கோ!” என்று நான் பழைய குரலில் கத்திக்கொண்டு வந்தேன். பட்டுச்சேலை, மல்லிகைக்குப் பதிலாக வேறு ஏதோ வெள்ளைப் பூ, சிறுவர்கள் தங்களுக்குள் பலேர்மோ இத்தாலியனில் சண்டை. நீங்கள் கறுப்புச் சட்டையில் கோயில் வாசலில் நின்றீர்கள். வளைவில் நாங்கள் ஏறி வருவதைக் கண்டதும் கையால் வாயைப் பொத்தினீர்கள். அப்படி ஒரு முகத்தை நான் உங்களில் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

எல்லோரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினார்கள். வாசல் நிறையச் செருப்பு. மொன்சிஞ்ஞோர் அவற்றுக்கு நடுவே பாதம் வைக்க இடம் தேடித் தேடி உள்ளே வந்தார், சிரித்துக்கொண்டுதான் வந்தார். நில் என்றால் நின்றார்கள், இரு என்றால் இருந்தார்கள். கோயில் ஒழுக்கம் எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நீங்கள் எழும்பி அந்தப் பாட்டைப் பாடினீர்கள். இரண்டாம் தடவை மெட்டு வந்தபோது மொரிஷியஸ் பெண்கள் கூடவே முனகத் தொடங்கினார்கள். பரமேசு கண்ணைத் துடைத்தாள். மொன்சிஞ்ஞோர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நாங்கள் வென்றுவிட்டோம், சிஞ்ஞோரா. அந்த நேரத்தில் என்னிடம் கேட்டிருந்தால், அடுத்த வருடம் பிஷப்பே வருவார் என்று சொல்லியிருப்பேன்.

பிறகு அவர் நற்கருணை அப்பத்தை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி நின்றார்.

சாமிக்கு முன்னால் ஐயர் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நின்றால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வரிசையில் போய் வலக்கைக்குக் கீழே இடக்கையை வைத்து நீட்டுவார்கள். பிரசாதம் எல்லோருக்கும் உரியது, வாங்காமல் போவதுதான் பிழை. இது அப்படியல்ல, ஞானஸ்நானம் எடுத்தவர்கள் மட்டுமே வாங்கலாம் என்று அப்போது எனக்கே தெரியாது. அத்தனை மாதம் அந்தக் கோயிலைக் கூட்டித் துடைத்தவன் நான். நீங்கள் ஒருவர் மட்டும் வாங்குவதைப் பார்த்தபோது, வேறு ஆட்கள் இல்லாததால்தான் என்று நினைத்திருந்தேன்.

முதல் சிலபேர் வாங்கி வாயில் போட்டார்கள். அவருக்கும் சந்தேகம் வரவில்லை. பரமேசு வாங்கினாள். கண்ணில் ஒற்றினாள். பாதியாக உடைத்து, பின்னால் வந்த பெண்ணின் கைக்குழந்தைக்கு ஒரு பாதியைக் கொடுத்தாள். மற்றப் பாதியைச் சேலைத் தலைப்பில் வைத்து முடிந்தாள்.

மொன்சிஞ்ஞோரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“சிஞ்ஞோரா, அதை இஞ்சையே சாப்பிடவேணும்.”

“இல்லை சுவாமி, இது அவருக்கு. காலேலாமல் கிடக்கிறார்” என்று அவள் தமிழில் சொல்லி, மறுபடியும் கையை நீட்டினாள். “இன்னும் ஒண்டு தாங்கோ, இது பாதிதானே.”

அவர் என் பக்கம் திரும்பினார். “ராசா, இவை ஞானஸ்நானம் எடுத்தவையோ?”

“எடுத்தவை, எல்லாரும் எடுத்தவை! யாழ்ப்பாணத்திலை பழைய வேதக்கார வம்சம், சுவாமி” என்றேன்.

அவர் பரமேசுவின் நெற்றியைப் பார்த்தார். மூன்று பட்டையாய்த் திருநீறு, நடுவில் குங்குமம். அவளுக்குப் பின்னால் வரிசையாக எத்தனை நெற்றி. அவர் கோபப்படவில்லை. மெல்லக் குனிந்து, அவளிடம் அனுமதி கேட்பதுபோலக் கையை நீட்டி, முடிச்சை அவிழ்க்கச் சொன்னார். அந்தப் பாதியைத் தானே வாயிலிட்டு விழுங்கினார். கிண்ணத்தை மூடினார். பரமேசு வெறுங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏன் அண்ணை, என்ன பிழை விட்டனான்?” என்று என்னைக் கேட்டாள்.

பூசை முடிந்து பின்னறையில் நீங்கள் அவரைப் பிடித்துக்கொண்டீர்கள்.

“ஆக்கள் வேணும் எண்டியள். ஆக்கள் வந்தினம்.”

“நல்ல சனம், சிஞ்ஞோரா. என்ரை பட்டணத்துப் பூசையிலையும் இப்பிடி அமைதி இல்லை. ஆனால் இவையை நான் இந்தப் பங்கின்ரை ஆக்கள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? உங்கடை ஆக்கள் இஞ்சை ஒருத்தரும் இல்லை.”

“நான் இருக்கிறன்.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ரை ஆக்களையும் இப்பிடித்தான் கீழூரிலை வாசலிலை மறிச்சவை” என்றீர்கள். “அவையளும் பாடினவை எண்டுதான்.”

“நான் ஒருத்தரையும் மறிக்கேல்லை, சிஞ்ஞோரா” என்றார் அவர். அது உண்மை. அவர் மறிக்கவில்லை. நாங்கள்தான் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தோம்.

நீங்கள் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பரமேசுவைக் கூப்பிட்டு, நீங்கள் சுட்ட பாண் ஒன்றைத் துணியில் சுற்றி, “இதைக் கொண்டு போய் உன்ரை மனுசனுக்குக் குடு. இதை ஒருத்தரும் பறிக்கமாட்டினம்” என்றீர்கள். பேருந்து வளைவில் மறையும்வரை கையை அசைத்தீர்கள்.

கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து கூரையைப் பார்த்தார்கள், ஆபத்து என்று பலகை அடித்தார்கள், கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டார்கள். உங்கள் பெரிய திறப்பை அவர்கள் கேட்கவுமில்லை. அதுதான் உங்களுக்குப் பெரிய அடி. தினமும் காலையில் அதை ஏப்ரனுக்குள் வைத்துக்கொண்டு ஒழுங்கை வரை போய்த் திரும்பி வந்தீர்கள். நான் சாளரம் வழியாக ஏறிக் கூட்டட்டுமா என்று கேட்டேன். “களவாகக் கூட்டுறதோ? வேண்டாம்” என்றீர்கள். புயலைச் சொல்லட்டுமா என்றேன். அதுவும் வேண்டாம் என்றீர்கள்.

தை மாதக் குளிரில் மூச்சு எடுக்கக் கஷ்டப்பட்டீர்கள். மருமகள் வந்து உங்களைப் பட்டணத்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரியில் நான் ஒவ்வொரு நாளும் வந்து இருந்தேன். தாதிமாரிடம் நான் உங்கள் தத்துப்பிள்ளை என்று சொல்லியிருந்தேன். பக்கத்துக் கட்டில்காரி, “எந்தப் பக்கத்துச் சாயல்?” என்று கேட்டாள், “ஜேர்மன் பக்கம்” என்றேன். நீங்கள் இருமி இருமிச் சிரித்தீர்கள். அன்றுதான் கடைசியாகச் சிரித்தது.

“ராசா, என்னை எங்கையிருந்து எடுப்பினம்?”

“அங்கையிருந்துதான், சிஞ்ஞோரா. நான் பொறுப்பு.”

“நீ பொறுப்போ?” என்று என் முகத்தை நெடுநேரம் பார்த்தீர்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, “சரி” என்றீர்கள்.

நீங்கள் போன மறுநாள் காலை மொன்சிஞ்ஞோரின் அலுவலக வாங்கில் போய் இருந்தேன். நல்ல சேட்டுப் போட்டுக்கொண்டு போனேன். அவர் என்னைக் கண்டதும் விடயம் தெரிந்து எழுந்து வந்தார்.

“ஒரு பத்து நிமிசம் கதவைத் திறந்துவிடுங்கோ, சுவாமி. உள்ளை வைச்சு, ஒரு பாட்டு, வெளியாலை எடுத்திடுவம்.”

“கூரை விழுந்து ஒருத்தர் செத்தால் நான் என்ன பதில் சொல்லுறது, ராசா?”

“உள்ளை போறவ ஏற்கெனவே செத்தவதானே, சுவாமி.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். என் தோளைப் பிடித்தார். “தூக்கிக்கொண்டு போறவை உயிரோடை இருக்கினமே” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் சொல்கிறேனே, கெட்டவராக இருந்திருந்தால் கத்தியிருப்பேன், மேசையில் அடித்திருப்பேன். நல்லவர்களோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று எனக்குத் தெரியாது.

பூசை கீழூர்ப் பெரிய கோயிலில் நடந்தது. வேலைநாள். எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் லீவு கிடைக்கவில்லை. சவ வண்டியில் சாரதிக்குப் பக்கத்தில் நான் இருந்தேன், மருமகள் குடும்பம் பின்னால் தங்கள் காரில் வந்தது. கீழூரிலிருந்து சவக்காலைக்குப் போகும் பாதை உங்கள் கோயில் வாசலால்தான் போகிறது. அந்த வாசலில் வண்டி நின்றது. மொன்சிஞ்ஞோர் அனுப்பிய ஆள் புதுத் திறப்போடு அங்கே காத்துக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தான். நாங்கள் நால்வர் உங்களைத் தூக்கிக்கொண்டு போய் சான் வெந்தலீனோவுக்கு முன்னால் வைத்தோம். நான் வெறுங்காலோடு நின்றேன். எழும்பி நின்று, அர்த்தம் தெரியாத உங்கள் பாட்டை முழுவதும் பாடினேன். கூரையிலிருந்து ஒரு தூசிகூட விழவில்லை. பிறகு உங்கள் ஆட்கள் எல்லோரையும் எடுத்த வழியால் உங்களையும் வெளியே எடுத்தோம்.

இப்படித்தான் பிரான்காச்சோவில் சொன்னேன். பரமேசு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். அவளுடைய புருசன் இப்போது நடக்கிறான், கொஞ்சம் இழுத்து. அந்தச் சாமி கைவிடாது என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கடையிலும் பேருந்திலும் என்னைப் பிடித்து, அந்தக் கதவு திறந்த கதையைச் சொல்லுங்கோ அண்ணை என்று கேட்கிறார்கள். நான் சொல்கிறேன். கப்பலையும் புயலையும் இப்போது சொல்வதில்லை, யாரும் கேட்பதுமில்லை. உங்கள் பாட்டை மட்டும் இந்தப் படிகளைக் கழுவும்போது பாடுகிறேன். மேலே வேலை செய்யும் ஒரு கணக்காளர் அது என்ன மொழி என்று கேட்டார். எங்கள் மொழி என்றேன். அதை மறந்துவிடக்கூடாது என்று ஒரு பயம் எனக்கு எப்போதும் இருக்கிறது. ஒரு வரி எங்கேயோ ஏற்கெனவே மாறிவிட்டது போலவும் இருக்கிறது. திருத்த உலகத்தில் ஆள் இல்லை.

மற்றவர்களுக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்கும் எழுதிவிட்டேன், கை பழகிவிட்டது. ஆனால் நீங்கள் அந்த வண்டிக்குள் இருந்தீர்கள், சிஞ்ஞோரா.

திறப்போடு ஒருவரும் அங்கே நிற்கவில்லை. வளைவு வந்ததும் நான் சாரதியிடம், “இஞ்சை ஒருக்கா நிப்பாட்டு” என்றேன். “பாதை ஒடுக்கம், பின்னாலை கார் வருது, நிப்பாட்ட ஏலாது” என்று அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னான். கதவும் பலகையும் என் பக்கத்து ஜன்னலால் பின்னுக்குப் போயின. நான் ‘வா பேனே’ என்றேன். சரி என்று.